சாலைக்கு முன்னால் தண்ணீரை வரைய வேண்டும்: சென்னையின் அடுத்த முழுமைத் திட்டம் குறித்து

வரைமேசை எழுதியது:

சென்னைப் பெருநகருக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிவரும் வேளையில், நல்ல நகரமைப்புக்கு அடிப்படையாக இருக்க வேண்டிய நெறிகளைப் பேசிப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். மனைப்பிரிவு வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைவாளனாக இருந்தவன் நான். ஆகவே கோட்பாடுகளைவிடத் தாள்களே எனக்கு நெருக்கம். என் தரப்பை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: ஒரு நிலத்தில் சாலையை வரைவதற்கு முன்னால், அந்த நிலத்துக்குள் தண்ணீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் வரைய வேண்டும்.

நடைமுறையில் வேலை தலைகீழாக நடக்கிறது. எல்லைக்கற்கள் அளக்கப்பட்டவுடன் எத்தனை மனைகள் தேறும் என்பதே முதல் கேள்வியாகிறது. அதற்கேற்பச் சாலைகள் நேர்கோடுகளாக விழுகின்றன. எஞ்சிய கோணல் துண்டு பூங்காவாகிறது. மழைநீர் வடிகால் கடைசியில் சாலையின் இரு ஓரங்களிலும் இரண்டு கோடுகளாகச் சேர்க்கப்படுகிறது. அந்தக் கோடுகள் எங்கே போய் முடிகின்றன என்று நாங்கள் கேட்டதில்லை, ஏனென்றால் தாளின் விளிம்போடு எங்கள் பொறுப்பு முடிந்துவிடும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களின் ஏரிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழியும் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இறுதியில் ஆற்றுக்கோ பள்ளிக்கரணை போன்ற சதுப்புக்கோ. பழைய கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாய்க்கால் புறம்போக்கு (வாய்க்காலுக்கான அரசு நிலம்) என்று குறிக்கப்பட்ட மெல்லிய கீற்றுகள் இந்தக் கோவையைத் தெளிவாகக் காட்டும். ஏரிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். கரையில் நடைபாதை போடுகிறார்கள், இருக்கைகள் வைக்கிறார்கள், நுழைவாயிலில் பெயர்ப்பலகை நடுகிறார்கள். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்ட பிறகு அந்த ஏரி ஒரு பெரிய தொட்டி மட்டுமே. எல்லோர் கண்ணிலும் படுகிற ஏரி பிழைத்துக்கொள்கிறது. யார் கண்ணிலும் படாத வாய்க்கால்தான் சாகிறது.

நானும் குற்றவாளிதான். பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஊரில், கோடையில் காய்ந்து கிடந்த ஓர் ஓடையை முப்பது அடிச் சாலையாக வரைந்து கொடுத்தேன். மனைகள் விற்றுத் தீர்ந்த மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் அந்தச் சாலை மீண்டும் ஓடையாயிற்று. ஓடைக்கு நினைவாற்றல் உண்டு; வரைபடத்துக்குத்தான் இல்லை.

முதல் முழுமைத் திட்டம் 1976இலும் இரண்டாவது 2008இலும் நடைமுறைக்கு வந்தபோது பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசு முடிவெடுத்தது. புதிதாகச் சேரும் நிலம் பெரும்பாலும் ஏரிப்பாசன நிலம். அங்கே இன்னும் மதகும் கலங்கலும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வியை இப்போது கேட்டால்தான் பயன்.

மாம்பலத்தான் எழுதியது:

ஐயா சொல்வதற்கு என் தெருவே சாட்சி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒன்று உண்டு. ஏரியைப் பார்க்க வேண்டுமானால் நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. நுங்கம்பாக்கம் தொடங்கி அடையாற்றை நோக்கி நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகர் உருவாயிற்று. அந்த ஏரியின் எஞ்சிய பகுதியொன்றில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

ஆனால் ஓர் ஐயம். தியாகராய நகர் அக்காலத்தின் சிறந்த நகரமைப்பு என்று இன்றும் பாராட்டப்படுகிறது. நடுவில் பனகல் பூங்கா, அதை நோக்கி வந்து சேரும் அகன்ற சாலைகள், மரங்கள், தனித்தனித் தோட்டத்து வீடுகள் என்று கையேட்டில் உள்ள நெறிகள் எல்லாம் அங்கே இருந்தன. அப்படியிருந்தும் 2021 நவம்பர் மழையில் அதே நகர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. நல்ல வடிவமைப்பை ஏரிக்குள் வைத்தால் அது நல்ல வடிவமைப்பா, கெட்ட வடிவமைப்பா?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்குள் நுழைய என் தாத்தா காலத்தில் மூன்று படிகள் ஏற வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். வீடு இடம்பெயரவில்லை, சாலைதான் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வளர்ந்துகொண்டே போயிற்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவு, எங்கள் வாசற்படிக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மனைவணிகன் எழுதியது:

இங்கே எதிர்த்தரப்பு ஒன்றும் வேண்டுமல்லவா? நான் சிறிய அளவில் மனைப்பிரிவு போட்டு விற்பவன். நீர்வழி, சதுப்பு, நீர்ப்பிடிப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் வரைபடத்தில் பூசிக்கொண்டே போனால், வீடு கட்டத் தகுந்த நிலம் குறையும், விலை ஏறும். ஏறிய விலையில் வாங்க முடியாதவர் வீடு கட்டாமல் இருந்துவிடுவாரா? அங்கீகாரம் இல்லாத மனையை வாங்குவார். அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, தமிழ்நாடு முழுவதும் பத்திரப் பதிவு எப்படி நின்றுபோயிற்று என்பது நினைவிருக்கலாம். பிறகு 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகளையே கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த மனைகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டுநர்கள், தையல்காரர்கள், சிறு கடைக்காரர்கள். மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்ற விதியையே தாங்க முடியாமல், நிலத்தைத் துண்டுதுண்டாக்கி விற்பவர்களை நான் அறிவேன். நெறிகளைக் கூட்டுவது எளிது; அவற்றின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் அதே தாளில் வரைய வேண்டும்.

வரைமேசை எழுதியது:

மனைவணிகன் அவர்களின் கேள்வி நியாயமானது, அதற்கு வருகிறேன். முதலில் மாம்பலத்தாருக்கு.

தியாகராய நகர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறொரு பாடம் இதே ஊரில் கற்பிக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரரான நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னைக்கு வந்தார். நகரங்களைப் பற்றிய தம் கண்காட்சிப் பொருள்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார். அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் மீது குண்டு வீசி, நம் மொழிக்கே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போன அதே எம்டன்தான். அவர் மனந்தளராமல் புதிதாகப் படங்களைச் சேகரித்து 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சியைத் திறந்தார். பிறகு மாகாணத்தின் பல ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அவர் வற்புறுத்தியவை இரண்டு. ஒன்று, மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்பதுபோல, ஊரை ஆய்ந்து அறியாமல் திட்டம் தீட்டக் கூடாது. மற்றொன்று, நெருக்கமான பழைய பகுதிகளை இடித்துத் தள்ளி நேர்ச்சாலை போடுவதைவிட, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, காற்றும் வெளிச்சமும் வர வழிசெய்து, மக்களை அங்கேயே வாழவிடும் சிறு அறுவையே மேலானது. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் அதைத்தான் பரிந்துரைத்தார். குளங்களைக் கொசுத் தொல்லைக்காகத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. தூய்மைப்படுத்தி, மீனும் வாத்தும் விட்டால் போதும் என்றார்.

ஆக, அறிவு அப்போதே இருந்தது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் காலத்திலேயே ஓர் ஏரி மனைகளாயிற்று. தியாகராய நகரின் தெருக்கள் அழகாக அமைந்தன. அவற்றின் தரை தவறான இடம். வடிவமைப்பு, இடத்தேர்வு என்ற இரண்டையும் நாம் ஒரே சொல்லால் பாராட்டுவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது.

தெற்குமாசி எழுதியது:

மதுரையிலிருந்து ஒரு சொல். எங்கள் ஊரின் தெருக்கள் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருப்பதை எல்லோரும் வியப்பார்கள். அந்தத் தெருக்களுக்கு அகலத்தைக் கொடுத்தது தேர். மாசி வீதியின் முனையில் தேர் திரும்ப வேண்டும் என்ற தேவை நின்றதால்தான் அந்த முனைகளை இன்றுவரை முழுதாக அடைக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் ஊரே சேர்ந்து பயன்படுத்தும் ஒரு தேவை, மற்ற நாள்களிலும் தெருவின் இடத்தைக் காத்துக் கொடுக்கிறது. எந்த விதிப்புத்தகமும் செய்யாத வேலை இது.

வெளி வீதிகளின் கதை வேறு. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்தப் பணியில் துணைநின்ற அளவையாளர் மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் தெருப்பெயர்களாக இருக்கின்றன. அகழியைத் தூர்த்த இடங்களில் மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்பதை அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வரைமேசை ஐயாவின் கருத்துக்கு நேரான சான்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். குளம் எப்போதும் இருந்தது. மைய மண்டபமும் படிகளும் இருந்தன. வைகையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பனையூர்க் கால்வாய் தூர்ந்ததால், பல ஆண்டுகள் அந்தக் குளத்துக்குள் பிள்ளைகள் மட்டைப்பந்து விளையாடினார்கள். கால்வாயைச் சீர்செய்த பிறகு தண்ணீர் வந்தது, தெப்பமும் மிதந்தது. குளத்தில் ஒரு கல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெரும்பாக்கம் ஆசிரியை எழுதியது:

நண்பர்கள் நிலத்தையும் நீரையும் பேசுகிறீர்கள். அவற்றோடு ஆளையும் சேர்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களை நீர்நிலையைக் காப்பதற்காக என்று சொல்லி அகற்றினார்கள். எங்கே கொண்டுவந்தார்கள்? கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும். இவை பள்ளிக்கரணைச் சதுப்பைச் சூழ்ந்த தாழ்ந்த பகுதிகள். ஆற்றோரத்து வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் சதுப்போரத்து வெள்ளத்துக்குள் வைக்கப்பட்டார்கள். அந்தச் சதுப்பு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது நாளிதழ்களில் பறவைகளின் படங்கள் வந்தன. மழைக்காலத்தில் அதே தண்ணீர் எங்கள் வகுப்பறைக்கு வரும்.

என் மாணவி ஒருத்தியின் தாய் சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டுவேலை செய்தவர். அங்கே இருந்தபோது நடந்தே வேலைக்குப் போய், மதியம் வீடு வந்து, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மீண்டும் போவார். இங்கே வந்த பிறகு விடியற்காலையில் பேருந்து ஏறினால் இருட்டிய பிறகே திரும்புகிறார். அவர் பெற்ற வீடு பழைய குடிசையைவிட நல்ல வீடு என்பதில் ஐயமில்லை. அவர் இழந்தது நடக்கும் தொலைவில் இருந்த வேலை. ஐயா குறிப்பிட்ட கெடிஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன சிறு அறுவையை இவர்களுக்கு ஏன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை? கரையோரத்தில் உண்மையிலேயே வெள்ளம் வரும் சில வரிசைகளை மட்டும் அதே பேட்டைக்குள் மேட்டு நிலத்துக்கு மாற்றியிருக்கலாம். நீர்வழிமீது குடிசை இருந்தால் அது ஆக்கிரமிப்பு. தூண்கள் இருந்தால் அது வளர்ச்சி. பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கும் பறக்கும் ரயிலின் தூண்களை நான் சொல்கிறேன்.

நடைப்பயணி எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன அந்த நடக்கும் தொலைவைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். நான் கண்பார்வை குறைந்தவர். தினமும் நடந்தே அலுவலகம் போகிறேன். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல் சொல்கிறது. தடையில்லாத என்ற சொல்லைக் கவனியுங்கள். என் பாதையில் அகலம் இருக்கிறது. அதில் மின்பெட்டி, மின்மாற்றி, விளம்பரக் கம்பம், இருசக்கர வண்டிகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி ஏற்றச் சாய்வு என்று எல்லாம் இருக்கின்றன. கையால் தடவிப் பார்த்தால்தான் 1.8 மீட்டர் எங்கே போயிற்று என்பது தெரியும்.

2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவது அதன் நோக்கம். 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கே நடப்பது இன்பமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்குப் போகிறவருக்குக் கிடைத்த அகலம், பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அடுத்த தெருவில் கிடைக்கவில்லை.

நடைபாதை வியாபாரிகளை அகற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் உடனே எழுதுவார்கள். அவர்களுக்காக முன்கூட்டியே சொல்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் நான் பயமின்றி நடப்பது பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் உட்கார்ந்திருக்கும் தெருவில்தான். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது. அவர்களுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட்டால், மின்பெட்டிக்கு மட்டும் வேறு இடம் தேடினால் போதும்.

மாம்பலத்தான் எழுதியது:

மின்பெட்டியைப் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. எங்கள் தெருவில் அது மரத்தைவிட உறுதியாக வேரூன்றியிருக்கிறது.

மனைவணிகன் எழுதியது:

எல்லாம் சரி. என் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை. எல்லோரும் இழந்ததைப் பற்றிப் பேசுகிறோம். எனக்குத் திருவள்ளூர்ப் பக்கம் ஏறத்தாழ ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. நடுவில் குறுக்காக ஓர் ஓடை. புலப்படத்தில் ஓடை காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் பத்தடி அகலம்கூட இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் தம் பகுதியை ஏற்கெனவே மூடிவிட்டார். நான் மட்டும் நெறியைக் கடைப்பிடித்து ஓடையை விட்டுவைத்தால், மனைகள் குறையும், அவர் என்னைவிட மலிவாக விற்பார், தண்ணீரும் அவர் மூடிய இடத்தில் முட்டி என் நிலத்தில்தான் தேங்கும். ஒழுங்காக நடப்பவனுக்குக் கிடைக்கும் பரிசு இதுவா?

வரைமேசை எழுதியது:

இந்த இழையிலேயே இதுதான் கடினமான பதிவு. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தனி மனிதர் ஒருவரின் நேர்மையைக்கொண்டு ஓடையைக் காக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இது மனைப்பிரிவு அளவில் தீர்க்க வேண்டிய சிக்கலன்று, முழுமைத் திட்ட அளவில் தீர்க்க வேண்டியது என்கிறேன். ஏரிக்கு ஏரி செல்லும் வாய்க்கால்கள் எல்லாவற்றையும், நிலம் கைமாறுவதற்கு முன்பே, புல எண்ணோடும் அகலத்தோடும் திட்ட வரைபடத்தில் குறித்து வெளியிட்டுவிட்டால், நிலத்தின் விலையிலேயே அந்த ஓடை கழிந்துவிடும். நீங்கள் விவசாயியிடம் வாங்கும்போதே, இவ்வளவு இடம் ஓடைக்கு என்று பேசி வாங்குவீர்கள்; பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே வாங்கியிருப்பார். ஏழையின் தலையில் செலவு விழுகிறது என்று நீங்கள் சொன்னது, வாங்கிய பிறகு கட்டுப்பாடு வருவதால் நேர்வது. கட்டுப்பாடு முன்னதாக வந்தால் அதன் சுமையில் பெரும்பகுதி விற்பவரின் எதிர்பார்ப்பில் குறையும். முழுவதும் குறையும் என்று நான் வாதிட மாட்டேன்.

உங்கள் ஐந்து ஏக்கருக்கு வருவோம். பதினாயிரம் சதுர மீட்டரைத் தாண்டுவதால் பத்து விழுக்காடு திறந்தவெளியைப் பணமாகக் கட்டித் தப்ப முடியாது. நிலமாகவே தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். வழக்கமாக எங்களைப் போன்றவர்கள் அதை விற்காத மூலையில் தள்ளுவோம். அப்படிச் செய்யாதீர்கள். ஓடையின் இரு கரைகளையும் ஒட்டி, நீளவாக்கில், ஆனால் விளையாட்டுத் திடல் என்று சொல்லத் தகுந்த அகலம் குறையாமல் அந்தப் பத்து விழுக்காட்டை வையுங்கள்; வெறும் நாடாவாக நீட்டினால் அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். அந்தத் திடலின் தரையைச் சாலை மட்டத்துக்கு ஓரடி கீழே வையுங்கள். ஓடை நிரம்பினால் திடல் இரண்டு நாள் குளமாகும், பிறகு வடியும், மனைகளுக்குள் ஏறாது. சாலைகளை ஓடைக்கு இணையாக வரையுங்கள், குறுக்காக ஒரே ஓர் இடத்தில் மட்டும் கடந்து போங்கள். கடக்கும் இடத்தில் குழாய் புதைக்காமல் சிறுபாலமாகக் கட்டுங்கள், ஏனென்றால் குழாய் அடைபடும். மேட்டுப் பக்கத்து மனைகளைச் சற்றுச் சிறிதாக்கினால், நீங்கள் இழக்கும் மனைகளின் எண்ணிக்கை பயப்படும் அளவுக்கு இருக்காது. திடலைப் பார்த்த மனைகளுக்கு விலையும் கூடுதலாகக் கேட்கலாம். இதை ஒரு வரைவாளனாகவன்றி, உங்கள் தொழிலை முப்பது ஆண்டு வேடிக்கை பார்த்தவனாகச் சொல்கிறேன்.

பக்கத்து நிலம்தான் சிக்கல். வாய்க்கால் புறம்போக்கு என்று, கிராமத்தின் நில விவரங்களைக் கொண்ட 'அ' பதிவேட்டில் இருந்தால், அதை மூட அவருக்கு உரிமையில்லை. கிராம நிருவாக அலுவலரிடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். பட்டா நிலத்துக்குள் ஓடும் ஓடை என்றால் வழி நீளமானது.

மனைவணிகன் எழுதியது:

'அ' பதிவேட்டைப் பார்த்தேன். என் பக்கம் பட்டாவுக்குள் ஓடுகிறது. அவர் பக்கம் புறம்போக்கு. விசித்திரம்தான். மனு எழுதியிருக்கிறேன், அவரிடமும் நேரில் பேசப் போகிறேன். ஓடையின் தற்போதைய ஆழத்தை எங்கெங்கே அளந்து வர வேண்டும் என்று சொல்லுங்கள் ஐயா. மட்டம் பார்ப்பவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

வரைமேசை எழுதியது:

உங்கள் நிலத்துக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம், நடுவில் இருபது மீட்டருக்கு ஒன்று. அதோடு நின்றுவிடாமல், அவர் மூடிய இடத்துக்கு அப்பால் ஓடை மீண்டும் தென்படும் இடத்திலும் ஒரு மட்டம் எடுத்து வாருங்கள். அந்த ஓர் எண் இல்லாமல் மற்றவற்றை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் வரைய முடியாது.